உங்களுக்குத் தெரியுமா? கம்பம் திராட்சையைக் கழுவி வைக்கக் கூடாது!

2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, கொடியிலிருந்து அறுத்த பிறகு பழுக்காது. புளிப்பாக வாங்கினால் எத்தனை நாள் வைத்தாலும் புளிப்புதான். எனவே ஒன்றைப் பிய்த்துத் தின்று பார்த்தே வாங்குங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

பழத்தின் மேல் சாம்பல் பூத்தாற்போல் தெரிவதெல்லாம் பூச்சிமருந்து அல்ல. பெரும்பாலும் அது பழத்தின் சொந்த மெழுகுப் பூச்சு. உள்ளிருக்கும் நீர் வற்றாமல் காப்பது அதுதான். கழுவி வைத்தால் அந்தப் பூச்சு குலையும், காம்படியில் தங்கும் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். நசுங்கியதையும் வெடித்ததையும் மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு, கொத்தாகவே காற்றுப் போகும் டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். தின்னும் நேரத்தில் நன்றாகக் கழுவலாம். மருந்து தெளிக்காத தோட்டம் அரிது என்பதால், அப்போது கட்டாயம் கழுவ வேண்டும்.

சின்னமனூர்ப் பக்கத்து வாழையோ நேரெதிர். தாரை வெட்டிய பின்னும் எத்திலீன் வாயுவை வெளியிட்டுப் பழுத்துக்கொண்டே போகும். 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே அதன் தோல் கறுக்கும்; காயாக இருந்தால் ஒழுங்காகப் பழுக்காது. அதை வெளியே, நிழலில் தொங்கவிடுங்கள். கல்லாக இருக்கும் சப்போட்டாவை அதனுடன் ஒரே காகிதப் பையில் போட்டால் சீக்கிரம் கனியும்.