சிங்கப்பூர்ச் செவ்விசைச் சுவைஞரும் ஒலிப்பதிவுப் பகிர்வும்

முன்னுரை

சிங்கப்பூரில் கர்நாடக இசைச் சுவைஞர் இருவர் சந்தித்தால், நலம் உசாவியபின் எழும் முதல் வினா பெரும்பாலும் "இப்போது என்ன கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?" என்பதாகவே அமையும். அதற்குரிய விடை ஒரு பாடகரின் பெயரோடு முடிவதில்லை. எந்த இராகம், எந்த ஊர்க் கச்சேரி, ஏறத்தாழ எந்த ஆண்டு, வயலின் யார், மிருதங்கம் யார், பதிவு யாரிடமிருந்து வந்தது என்று விடை நீளும். இதனைப் பொழுதுபோக்குப் பேச்சு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், பதிவுகளைப் பற்றிய அறிவின் பெரும்பகுதி இப்பேச்சிலேயே தங்கியுள்ளது. நாடாக்கள் இன்று கணினிக் கோப்புகளாக மாறிவரும் வேளையில் இப்பேச்சு எழுதப்படாமலே மறைந்து வருவதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

மூன்று நிமிடக் கச்சேரி

கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் 1902ஆம் ஆண்டு கல்கத்தாவில் பதிவுப் பணியைத் தொடங்கினார். அதே பயணத்தின் தொடர்ச்சியாக 1903ஆம் ஆண்டு அவர் சிங்கப்பூரிலும் பதிவு செய்தார். எனவே, இந்தியாவும் சிங்கப்பூரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒலிப்பதிவு வரலாற்றுக்குள் நுழைந்தன எனலாம். தென்னிந்தியாவில் கோயமுத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றோரின் குரல்கள் இசைத்தட்டுகளில் இடம்பெற்றன. 1926ஆம் ஆண்டில் சிறுமியாக இருந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது.

பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஒலிக்கும். மூன்று மணி நேரக் கச்சேரிக்குரிய கலை இக்குறுகிய இடத்துக்குள் சுருக்கப்பட்டது. ஆலாபனை ஒரு கீற்றாகக் குறைந்தது, காலப்பிரமாணம் விரைந்தது, சுரம் பாடுவது பல தட்டுகளில் இல்லாமலே போயிற்று. ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் 'வாசுதேவயனி' போன்ற தட்டுகள் இந்த எல்லைக்குள்ளும் பெரும்புகழ் பெற்றன என்பது உண்மையே. ஆயினும், தட்டுகளை மட்டும் கேட்டு வளர்ந்த ஒருவர் கச்சேரி என்பது என்னவென்று அறிந்திருக்க இயலாது. சென்னைவாசிக்கு இக்குறையைச் சபை அரங்குகள் ஈடுசெய்தன. கடல் கடந்து வாழ்ந்தவருக்கு அவ்வாய்ப்பு அரிதாகவே கிட்டியது. 1949ஆம் ஆண்டு தோன்றிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகமும் பின்னர் வந்த பிற கலை அமைப்புகளும் இவ்விடைவெளியைக் குறைத்தன, முற்றிலும் நீக்கிவிடவில்லை.

நாடா கொண்டுவந்த மாற்றம்

முழுக் கச்சேரியையும் வீட்டுக்குக் கொண்டுவந்தது ஸ்பூல் எனப்பட்ட சுருள்நாடாவே. ஏழு அங்குலச் சுருள் ஒன்று வினாடிக்கு மூன்றே முக்கால் அங்குல வேகத்தில் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். வசதி படைத்த சுவைஞர் சிலர் கருவியை அரங்குக்கே சுமந்து சென்றனர். வேறு சிலர் வானொலியிலிருந்து பதிவு செய்தனர். மதுரை மணி ஐயர் (1912–1968) இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அவர் புகழுக்கு ஈடான அளவில் வணிக இசைத்தட்டுகள் வெளிவரவில்லை. இன்று நாம் அறியும் மணி ஐயர் பெரிதும் சுவைஞர்களின் நாடாக்களில் வாழ்பவர். டி. பிருந்தாவின் பதங்கள் பலவும், எம்.டி. இராமநாதனின் (1923–1984) ஆழ்ந்த விளம்பகாலப் பாடல்களும் அவ்வாறே கைமாறிக் கைமாறிப் பரவின. இராமநாதனை அவர் வாழ்ந்த காலத்தைவிட மறைந்தபின் கேட்டுப் போற்றியவரே மிகுதி என்பார் உளர். அது மிகையன்று.

பிலிப்ஸ் நிறுவனம் 1963ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய கேசட் இப்பகிர்வை எளியோர்க்கும் உரியதாக்கியது. சிராங்கூன் சாலையிலும் அதன் கிளைத் தெருக்களிலும் இருந்த ஒலிநாடாக் கடைகளில் திரைப்பாடலே பெரும் சரக்கு. அடுத்த இடம் பக்திப் பாடலுக்கு. 1963ஆம் ஆண்டு இசைத்தட்டாக வெளிவந்த எம்.எஸ். அவர்களின் வேங்கடேச சுப்ரபாதம் கேசட் வடிவில் எண்ணற்ற வீடுகளை எட்டியது. கச்சேரிப் பதிவு தேடியவர் கடையை நம்பவில்லை. சென்னை சென்று திரும்பும் உறவினரையும் நண்பரையுமே நம்பினார். தொண்ணூறு நிமிடக் கேசட் இரண்டில் ஒரு கச்சேரி அடங்கும். நாற்பத்தைந்தாம் நிமிடத்தில் பக்கம் திருப்ப வேண்டியிருந்ததால், எத்தனையோ பைரவிகளும் தோடிகளும் நடுவில் அறுபட்டன. பழகிய சுவைஞர்க்கு அந்த அறுபடும் இடமே பதிவின் அடையாளமாகவும் ஆயிற்று.

படியிலிருந்து படி எடுக்க எடுக்க இரைச்சல் கூடும். நான்காம் படியில் தம்புராவின் நுண்ணொலி அதில் கரைந்துவிடும். எனவே, 'உங்களிடம் இருப்பது எத்தனையாம் படி?' என்பது மரியாதைக் குறைவான வினாவாகக் கருதப்படவில்லை. பகிர்வோரிடையே எழுதப்படாத ஒழுங்கு ஒன்றும் நிலவியது. பதிவுக்குப் பணம் பெறலாகாது. கடையில் கிடைப்பதைப் படியெடுத்துக் கொடுத்தலாகாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துவோர் உரிமை 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகவே இடம்பெற்றது. அதற்கு முன்னரே பதிவான நாடாக்களைப் பொறுத்தவரை இவ்வொழுங்கே கலைஞர்க்குக் காப்பாக இருந்தது. எல்லாரும் அதனை முழுமையாகக் காத்தனர் என்று கூறுவதற்கில்லை.

உறையில் எழுதப்படாதவை

கேசட் உறை மிகச் சிறிது. அதில் 'மணி ஐயர் – கல்யாணி – நன்று' என்ற அளவிலேயே குறிப்புக் காணப்படும். நாளும் இடமும் பக்கவாத்தியமும் உரியவரின் நினைவில் இருக்கும். அவற்றை மீட்கும் முறை சுவைஞரின் உரையாடலே. வயலினின் வில் நாதம், தனி ஆவர்த்தனத்தில் கேட்கும் ஒரு மோரா, பாடகரின் குரலில் தெரியும் முதுமை, அவையிலிருந்து ஒலிக்கும் 'பலே' ஆகியவற்றைக் கொண்டு பதிவின் காலத்தை உய்த்துணர்வர். ஒருவர் ஊகத்தை மற்றொருவர் மறுப்பார். மூன்றாமவர் அதே கச்சேரியின் வேறொரு படியைக் கொண்டுவருவார். சிராங்கூன் சாலையில் 1947ஆம் ஆண்டு முதல் நடைபெறும் கோமள விலாஸ் போன்ற உணவகங்களில் காப்பிக்கிடையே நிகழும் இத்தகைய வாதங்களில், பாடபேத ஆராய்ச்சிக்குரிய கூறுகள் அனைத்தும் உள்ளன.

சுருதியை அறிவது இதில் தனிச்சிக்கல். நாடா ஓடும் வேகம் ஏறத்தாழ ஆறு விழுக்காடு கூடினால் சுருதி அரைக்கட்டை உயர்ந்துவிடும். பழைய இசைத்தட்டுகளும் எல்லாம் சரியாக நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்தில் பதிவானவை அல்ல. வேகம் பிறழ்ந்த பதிவைக் கேட்டு, இப்பாடகர் இளமையில் உயர்ந்த சுருதியில் பாடினார் என்று முடிவு கட்டுவோர் உண்டு. மின்னோட்டத்தின் முரலொலி இங்குத் துணைபுரியும். இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் மின்னோட்டம் வினாடிக்கு ஐம்பது அலைவு உடையது. பதிவின் அடியில் ஒலிக்கும் அம்முரலொலி ஐம்பத்து மூன்றாக அளவிடப்பட்டால் நாடா விரைந்து ஓடுகிறது என்று கொள்ளலாம். குறையென்று கருதி இரைச்சல் முழுவதையும் நீக்கும் இன்றைய மென்பொருள்கள் இச்சான்றையும் சேர்த்தே அழித்துவிடுகின்றன.

இன்றைய நிலை

1990களுக்குப்பின் தகவல் தொழில்நுட்பப் பணிக்காகச் சிங்கப்பூர் வந்தோர் தம்முடன் குறுவட்டுகளையும், பின்னர் ஆயிரக்கணக்கான மணி நேரப் பதிவுகள் அடங்கிய வன்தட்டுகளையும் கொண்டுவந்தனர். 2002ஆம் ஆண்டு திறக்கப்பட்ட எஸ்பிளனேட் நூலகம் நிகழ்கலைக்கென்றே அமைந்தது. பதிவுகள் கிடைக்கவில்லை என்ற குறை இன்று இல்லை. இளைய சுவைஞர் ஒருவர் ஓர் இரவில் இருபது காம்போதிகளைக் கேட்டுவிட முடியும். அவற்றுள் எது எந்தக் கச்சேரிக்குரியது என்பதை மட்டும் அவரால் எளிதில் அறிய முடிவதில்லை. கோப்புக்குப் பிழையான பெயரை ஒருவர் இட்டுவிட்டால் அப்பிழை நூறு படிகளாகப் பெருகுகிறது.

இதற்கிடையே, மூத்த தலைமுறையின் நாடாக்கள் அடுக்குமாடி வீடுகளின் அலமாரிகளில் கிடக்கின்றன. சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டது; காந்த நாடாவுக்கு ஏற்ற அளவைப்போல் இஃது ஏறத்தாழ இருமடங்கு. பூஞ்சை படர்ந்த நாடாவைக் கருவியில் இட்டால் நாடாவும் கெடும், கருவியும் கெடும். உரியவர் மறைந்தபின் வீடு மாறும் பிள்ளைகளுக்கு இவை பழைய பெட்டிகளாகவே தோன்றுகின்றன. அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. உறையில் ஒன்றும் எழுதப்படாத நாடாவின் மதிப்பை எவர் அறிவார்?

சிங்கப்பூரில் 1979ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வாய்மொழி வரலாற்றுப் பணி இங்கு ஒரு முன்மாதிரி. நாடாவைக் கோப்பாக மாற்றுமுன் உரியவரை அருகே அமர்த்தி, அதனை ஒலிக்கவிட்டு, அவர் கூறுவனவற்றைத் தனியே பதிவு செய்தல் வேண்டும். யாரிடமிருந்து பெற்றார், எத்தனையாம் படி, எந்தக் கருவியில் எடுத்தார், எவ்விடத்தில் அறுபடும் என்பனவும் குறிக்கப்படுதல் வேண்டும். உறையையும் ஒளிப்படம் எடுத்துக் கோப்போடு சேர்த்துவைத்தல் நன்று. தொகுப்புப் பெரிதாயின் 120 நிமிடக் கேசட்டுகளிலிருந்து தொடங்கலாம். அவற்றின் நாடா மிக மெல்லியது. முதலில் அறுபடுவது அதுவே.