ஓட்டிப் பார்க்காமலே பந்தயத்துக்கு வந்த கார்

2010 மார்ச் 13, சனிக்கிழமை. பஹ்ரைனின் சாகிர் தடத்தில் ஃபார்முலா 1 பந்தயத்துக்கான தகுதிச் சுற்று. சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக், ஹிஸ்பானியா என்ற புதிய ஸ்பெயின் அணியின் காரில் உட்கார்ந்து தடத்துக்குள் நுழைகிறார். அந்தக் கார் அதற்கு முன் ஒரு சுற்றுகூட ஓடியதில்லை. வெள்ளிக்கிழமைப் பயிற்சி ஓட்டங்களிலும் சனிக்கிழமை காலைப் பயிற்சியிலும் மற்ற அணிகள் ஓட்டிக்கொண்டிருந்தபோது, கருணின் காரைப் பூட்டி முடிக்கும் வேலையே நடந்துகொண்டிருந்தது. பிரேக் எங்கே பிடிக்கும், ஸ்டியரிங் எவ்வளவு திருப்பினால் எவ்வளவு திரும்பும் என்ற அடிப்படை விஷயங்களைக்கூட, கடிகாரம் ஓடும் தகுதிச் சுற்றிலேயே அவர் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

24 கார்களில் 24ஆவது இடம். அந்தச் சுற்றின் வேகமான காரைவிடச் சுமார் 10 வினாடி பின்னால். மறுநாள் பந்தயத்தின் இரண்டாம் சுற்றிலேயே மேடுபள்ளமான பகுதியில் கார் தட்டிச் சுழன்று வெளியேறியது. அதே அணியின் இன்னொரு ஓட்டுநர் புரூனோ செனா, மறைந்த அயர்டன் செனாவின் சகோதரி மகன். அவர் கார் 17 சுற்றுகளோடு நின்றது.

ஃபார்முலா 1 பந்தயத்தில் இதுவரை ஓட்டிய இந்தியர் இருவர்தான்: நரேன் கார்த்திகேயன், கருண் சந்தோக். இருவருமே தமிழ்நாட்டுக்காரர்கள். 2010இல் கருணும், 2011, 2012இல் நரேனும் ஓட்டியது இதே ஹிஸ்பானியா அணிக்குத்தான். அந்த ஆண்டுகளில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்த நம் ரசிகர்கள், நம்மூர் ஓட்டுநர்கள் ஏன் எப்போதும் கடைசியில் வருகிறார்கள் என்று வருந்தியதுண்டு. ஓட்டுநரிடம் குறை தேட வேண்டியதில்லை. அந்தக் கார் எப்படிப் பிறந்தது, ஒரு பந்தயக் கார் எதனால் வேகம் பெறுகிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விடை கிடைக்கும்.

கதை 2009இல் தொடங்குகிறது. ஃபார்முலா 1 விதிகளை வகுக்கும் சர்வதேச மோட்டார் விளையாட்டு அமைப்பின் தலைவராக அப்போது இருந்த மேக்ஸ் மோஸ்லி, அணிகளின் ஆண்டுச் செலவுக்கு 4 கோடி பவுண்டு என்று உச்சவரம்பு கொண்டுவர விரும்பினார். பெரிய அணிகள் அதைப் போல் பல மடங்கு செலவழித்துக்கொண்டிருந்த காலம். உச்சவரம்பு வந்தால் சிறியவர்களும் போட்டியிடலாம் என்ற நம்பிக்கையில் பல புதிய அணிகள் விண்ணப்பித்தன. ஜூன் மாதம் சிலவற்றுக்கு அனுமதியும் கிடைத்தது. ஆனால் பெரிய அணிகள் தனிப் பந்தயம் நடத்தப் போவதாக மிரட்டவே, உச்சவரம்புத் திட்டம் கைவிடப்பட்டது. புதியவர்கள் நம்பி வந்த கணக்கு அங்கேயே பொய்த்தது. முதல் பந்தயத்துக்கு இன்னும் ஒன்பதே மாதம்.

அனுமதி பெற்றவர்களில் ஒருவர், முன்னாள் ஓட்டுநர் அட்ரியான் கம்போஸ். அவர் காரைத் தாமே வடிவமைக்காமல், இத்தாலியின் புகழ்பெற்ற பந்தயக் கார் நிறுவனமான டல்லாராவிடம் ஒப்படைத்தார். எஞ்சின் காஸ்வொர்த் நிறுவனத்தின் 2.4 லிட்டர், எட்டு சிலிண்டர். கியர் பெட்டி எக்ஸ்ட்ராக். மூன்றுமே தரமான இடத்திலிருந்து வந்தவை. பணம்தான் வரவில்லை. பணம் வராததால் டல்லாராவின் வேலை தடைபட்டது. 2010 பிப்ரவரியில் ஹோசே ராமோன் கரபாந்தே என்ற தொழிலதிபர் அணியை வாங்கினார். காலின் கோலஸ் நிர்வாகியானார். பெயர் ஹிஸ்பானியா என்று மாறியது. மார்ச் 4ஆம் தேதி முர்சியா நகரில் கார் அறிமுகமானது. அடுத்த பத்தாம் நாள் பஹ்ரைனில் பந்தயம்.

இடையில் நழுவிப் போனதுதான் பெரிய இழப்பு. அந்த ஆண்டு பந்தயப் பருவத்துக்கு முன் வாலென்சியா, ஹெரெஸ், பார்சிலோனா தடங்களில் மொத்தம் 15 நாள் சோதனை ஓட்டம் நடந்தது. ஹிஸ்பானியா அதில் ஒரு நாள்கூடக் கலந்துகொள்ளவில்லை. பிறகு ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. செலவைக் குறைப்பதற்காக, பருவம் தொடங்கிய பின் சோதனை ஓட்டம் கூடாது என்று 2009 முதலே விதி இருந்தது. எல்லோருக்கும் பொதுவான விதிதான். ஆனால் பத்தாண்டுத் தரவுகளைக் கையில் வைத்திருக்கும் ஃபெராரிக்கு அது சிறு இடைஞ்சல். எதுவுமே தெரியாமல் வந்தவர்களுக்கு அது அடைத்த கதவு.

சரி, 15 நாள் ஓட்டினால் அப்படி என்ன தெரிந்துவிடும்? இதற்குத்தான் கொஞ்சம் இயற்பியல் வேண்டும்.

தஞ்சை, திருவாரூர் பக்கம் சேற்றுழவு பார்த்தவர்களுக்கு டிராக்டரின் பிடிப்புப் பிரச்சினை தெரியும். சக்கரம் சுழல்கிறது, வண்டி நகர்வதில்லை. எஞ்சினில் எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் தரையைப் பற்றாத டயரால் பயனில்லை. அதனால் சேற்றில் கேஜ் வீல் மாட்டுகிறார்கள். காய்ந்த நிலத்தில் கலப்பை இழுக்கும்போது பின் டயர்களுக்குள் தண்ணீர் ஏற்றுகிறார்கள். முன்பக்கம் இரும்பு எடைகளைத் தொங்கவிடுகிறார்கள். டயரைத் தரையோடு எவ்வளவு அழுத்துகிறோமோ, ஏறக்குறைய அந்த அளவுக்குப் பிடிப்பு கிடைக்கும். டிராக்டருக்கு எடை நல்லது, ஏனென்றால் அது மெதுவாக, நேராக இழுத்துக்கொண்டு போகிறது.

பந்தயக் காரில் எடை ஏற்றினால் கதை வேறு. வளைவில் திரும்பும்போது வண்டியின் நிறை முழுவதையும் டயர்கள்தான் பக்கவாட்டில் பிடித்திழுக்க வேண்டும். எடை கூடினால் பிடிப்பும் கூடும்; பிடித்திழுக்க வேண்டிய சுமையும் அதே அளவு கூடும். லாபம் ஒன்றுமில்லை. எடை கூடாமல் அழுத்தம் மட்டும் கூட வேண்டும். அந்த வேலையைக் காற்று செய்கிறது. காரின் முன்னும் பின்னும் உள்ள இறக்கைகள், விமான இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்த வடிவம் கொண்டவை. காரின் அடித்தளத்துக்கும் தரைக்கும் இடையே விரைந்தோடும் காற்று, அங்கே அழுத்தத்தைக் குறைத்துக் காரைக் கீழே உறிஞ்சுகிறது. 2010இல் ஓட்டுநரையும் சேர்த்து ஒரு காரின் குறைந்தபட்ச எடை 620 கிலோ. மணிக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர் வேகத்தில் காற்று தரும் அழுத்தமே காரின் எடையை எட்டிவிடும். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு.

இங்கேதான் புதிய அணி மாட்டிக்கொள்கிறது. காற்றின் அழுத்தம் குறைவான கார் வளைவில் மெதுவாகப் போக வேண்டும். மெதுவாகப் போனால் வேகத்தின் இருமடிக் கணக்கில் அழுத்தம் இன்னும் குறையும். அத்தோடு முடியவில்லை. பந்தய டயரின் ரப்பர் நன்றாகச் சூடேறினால்தான் பிசுபிசுத்துத் தரையைப் பற்றும். அந்தச் சூடு வருவது, டயர் அழுத்தப்பட்டு, நெளிந்து, உராய்வதால். அழுத்தம் குறைந்த காரில் டயர் சரியாகச் சூடேறாது. ஆறிய டயர் வழுக்கும். வழுக்கும் டயரை நம்பி ஓட்டுநர் வேகம் எடுக்க முடியாது. வேகம் இல்லாததால் டயர் மேலும் ஆறும். ஒரு சிறு குறை இப்படிச் சுற்றிச் சுற்றி வந்து பெருங்குறையாகிறது. 10 வினாடி என்பது ஒரே இடத்தில் தொலைந்த நேரம் அல்ல. ஒவ்வொரு வளைவிலும் இந்தச் சுழற்சி கொஞ்சம் கொஞ்சமாகத் தின்ற நேரம்.

அடித்தளத்தின் உயரம் இன்னொரு சிக்கல். கார் தரைக்கு நெருக்கமாக இருந்தால் உறிஞ்சும் விசை கூடும். மிகவும் நெருங்கினால் மேட்டில் அடிபடும். அடிபட்ட நொடியில் டயர்கள் தரையை விடும், கார் சுழன்றுவிடும். எத்தனை மில்லிமீட்டர் சரி என்பது தடத்துக்குத் தடம், எரிபொருள் அளவுக்கு அளவு மாறும். அந்த ஆண்டு பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்பவும் தடை வந்துவிட்டது. எனவே கார் நிறைந்த டாங்கின் பாரத்தோடு தாழ்ந்து தொடங்கி, எடை குறையக் குறைய உயர்ந்துகொண்டே போகும். ஓட்டிப் பார்த்தவர்களிடம் இதற்கெல்லாம் எண்கள் இருந்தன. பஹ்ரைனில் கருணின் பொறியாளர்களிடம் இருந்தது ஊகம். அவர் இரண்டாம் சுற்றில் மேட்டில் தட்டிச் சுழன்றதை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

புதியவர்களில் ஹிஸ்பானியா மட்டும் தவித்ததாக நினைக்க வேண்டாம். விர்ஜின் அணி காற்றுச் சுரங்கச் சோதனையே வேண்டாம் என்று முடிவெடுத்து, முழுக் காரையும் கணினியில் காற்றோட்டத்தைக் கணக்கிட்டே வடிவமைத்தது. துணிச்சலான முயற்சி. ஆனால் காரின் எரிபொருள் டாங்க், ஒரு பந்தயத்தை முழு வேகத்தில் முடிக்கப் போதாத அளவுக்குச் சிறியது என்று பருவம் தொடங்கிய பிறகு தெரிந்தது. காரின் கூட்டையே மாற்ற வேண்டி வந்தது. மலேசியாவின் டோனி ஃபெர்னாண்டஸ் தொடங்கிய லோட்டஸ் அணிக்கு 2009 செப்டம்பரில்தான் அனுமதி கிடைத்தது; அதன் கார்களை ஹைட்ராலிக் கோளாறுகள் ஆண்டு முழுக்க வாட்டின. அமெரிக்காவின் யூஎஸ்எஃப்1 ஒரு பந்தயத்துக்குக்கூட வந்து சேரவில்லை.

இந்தப் பின்னணியில் பார்த்தால், கருண் அந்த ஆண்டு செய்தது சிறிய காரியம் அல்ல. பஹ்ரைனுக்கு இரண்டு வாரம் கழித்து மெல்போர்னில், வென்றவரைவிட ஐந்து சுற்று பின்தங்கினாலும், 14ஆவதாகப் பந்தயத்தை முடித்தார். அணி பந்தயத்தை முழுமையாக முடித்தது அதுவே முதல்முறை. அடுத்து மலேசியாவில் இரு கார்களும் முடித்தன. இடைவெளி ஐந்து சுற்றிலிருந்து கருணுக்கு மூன்றாகக் குறைந்தது. மே மாதம் பார்சிலோனா தகுதிச் சுற்றில் வேகமான காருக்கும் அவருக்கும் இடையே சுமார் ஐந்து வினாடிதான். தடமும் அதன் நீளமும் வேறு என்றாலும், சதவீதக் கணக்கில் பார்த்தாலும் முன்னேற்றம் தெளிவு. காரின் வடிவம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. கூடியது, காரைப் பற்றிய அறிவு. மற்றவர்கள் பிப்ரவரியில் செய்த சோதனை ஓட்டத்தை ஹிஸ்பானியா பந்தயங்களின் நடுவே செய்துகொண்டிருந்தது.

மோனாக்கோவில் உயிராபத்தும் நெருங்கியது. பந்தயம் முடியும் தறுவாயில் ராஸ்காஸ் வளைவில் உள்ளே நுழைய முயன்ற யார்னோ ட்ருல்லியின் லோட்டஸ், கருணின் கார்மேல் ஏறியது. அவர் தலையைச் சற்றே தவிர்த்துக் கடந்தது. ஓட்டுநரின் தலையைக் காக்கும் ஹேலோ வளையம் அப்போது கிடையாது. அது கட்டாயமானது 2018இல்தான். அந்தப் பந்தயத்திலும் அவருக்கு 14ஆம் இடம் பதிவானது.

அதே மே மாதம் டல்லாராவுடனான உறவு முறிந்தது. ஆலோசகராக வந்திருந்த அனுபவசாலி ஜெஃப் வில்லிஸால்கூட, வடிவமைத்தவர்கள் விலகிப்போன காரைப் பெரிதாக மேம்படுத்த முடியவில்லை. மற்ற அணிகள் பந்தயத்துக்குப் பந்தயம் புது இறக்கை, புது அடித்தளம் என்று கொண்டுவர, ஹிஸ்பானியா கார் இருந்தபடியே இருந்தது. பணம் கொண்டுவரும் ஓட்டுநருக்கு இடம் கொடுக்கும் வழக்கப்படி, ஜூலையில் பிரிட்டன் பந்தயத்துக்குப் பிறகு கருணின் இருக்கை ஜப்பானின் சகோன் யமமோட்டோவுக்குப் போனது. பத்துப் பந்தயங்களோடு அவருடைய அந்தப் பருவம் முடிந்தது.

ஆனால் ஆண்டு இறுதிப் பட்டியலில் ஒரு விஷயம் இருக்கிறது. மூன்று புதிய அணிகளும் புள்ளி எடுக்கவில்லை. அப்படியானால் எந்த அணி எத்தனை முறை எந்த இடத்தில் முடித்தது என்று எண்ணித்தான் வரிசை தருவார்கள். ஜப்பானில் 12ஆம் இடம் பெற்ற லோட்டஸ் பத்தாவது. ஹிஸ்பானியாவுக்கும் விர்ஜினுக்கும் சிறந்த முடிவு 14ஆம் இடமே. ஹிஸ்பானியாவிடம் அப்படி மூன்று இருந்தன: கருணுடைய இரண்டு, கொரியாவில் செனா பெற்ற ஒன்று. கடைசி இடத்துக்குப் போகாமல் அணி 11ஆவதாக நின்றது அந்த மூன்றாலும்தான்.

2011இல் நரேன் வந்தபோது பழைய கதை திரும்பியது. புதிய காரின் அதிர்வுதாங்கிகள் சுங்கத்தில் சிக்க, சோதனைக் காலம் முழுவதும் அந்தக் கார் ஓடவில்லை. அந்த ஆண்டு 107 சதவீத விதியும் திரும்ப வந்திருந்தது: முதல் தகுதிச் சுற்றின் வேகமான நேரத்தைவிட 7 சதவீதத்துக்கு மேல் தாமதமானால் பந்தயத்தில் இடமில்லை. மெல்போர்னில் அணியின் இரு கார்களும் அதில் விழுந்தன. இருந்தும் அக்டோபர் 30 அன்று, கிரேட்டர் நொய்டாவின் புத் தடத்தில் நடந்த முதல் இந்தியப் பந்தயத்தில் நரேன் 17ஆவதாக முடித்தார். 2012 மலேசிய மழையில், சரியான மழை டயரோடு தொடங்கியதால் பத்தாம் இடம் வரை முன்னேறி நின்றார். மழையில் எல்லோருமே மெதுவாகப் போவதால் காற்றழுத்தத்தின் பங்கு குறைகிறது. டயர்த் தேர்வின் பங்கு கூடுகிறது. அந்தச் சில சுற்றுகளில் நரேனின் கை வேகம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. ஆண்டு முடிவில் அணி மூடப்பட்டது.

டல்லாரா மோசமான காரைக் கட்டிக் கொடுத்தது என்று அன்று பலரும் எழுதினார்கள். அதற்குப் பதில் 2016இல் வந்தது. அமெரிக்காவின் ஹாஸ் அணி 2014இலேயே அனுமதி பெற்றது. 2015இல் இறங்கலாம் என்றபோதும் அவசரப்படாமல் ஓர் ஆண்டு தள்ளிப்போட்டது. எஞ்சினும் விதி அனுமதித்த உதிரிப் பாகங்களும் ஃபெராரியிடமிருந்து வாங்கியது. ஃபெராரியின் காற்றுச் சுரங்கத்திலேயே சோதித்தது. பருவத்துக்கு முந்தைய சோதனை ஓட்டங்களில் பங்கேற்றது. காரின் கூட்டைக் கட்டியது அதே டல்லாரா. மெல்போர்னில் நடந்த அணியின் முதல் பந்தயத்திலேயே அதன் ஓட்டுநர் ரோமன் குரோஜான் ஆறாவதாக வந்து 8 புள்ளி பெற்றார். அந்த ஆண்டு 29 புள்ளிகளோடு ஹாஸ் எட்டாவது அணி.