இருவர் இருவராய்: மார்மன் இளம் மிஷனரியின் அன்றாட வாழ்வும் சோர்வும்

வெண்சட்டையும் கழுத்துப்பட்டையும் அணிந்து, சட்டைப்பையின்மேல் கறுப்புப் பெயர்ப்பட்டை துலங்க, இருவராய்ச் சேர்ந்து வீடு வீடாகச் செல்லும் இளைஞரை உலகின் பல நகரங்களில் காணலாம். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்று தன்னை அழைத்துக்கொள்வதும், மார்மன் சபை என்று பிறரால் அறியப்பட்டதுமாகிய சபையின் மிஷனரிகள் இவர்கள். இன்று இவர்களது தொகை 70,000க்கு மேற்பட்டது. மார்மன் நூலைத் திருமறைக்கு இணையாக வைப்பதையும், பிதா, குமாரன், பரிசுத்த ஆவியானவரை ஒரே சாரமாக அன்றித் தனித்தனி இருப்புடைய மூவராகப் போதிப்பதையும் நாம் ஏற்பதற்கில்லை. எனினும், வாசலில் வந்து நிற்கும் அவ்விளைஞரின் வாழ்வு எத்தகையது என்று கேட்டறிந்தோர் நம்மிடையே சிலரே. அதனை விளக்குவதும், அதனின்று நம் திருச்சபைக்கு எழும் ஒரு வினாவை முன்வைப்பதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. அழைப்பு

ஜோசப் ஸ்மித் 1830 ஏப்ரல் 6ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தில் இச்சபையை நிறுவினார். அவ்வாண்டிலேயே அவருடைய தம்பி சாமுவேல், மார்மன் நூலின் பிரதிகளைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்றார். இவ்வழக்கம் இன்று பெரியதோர் ஒழுங்காக வளர்ந்துள்ளது. 2012ஆம் ஆண்டு வரை ஆண்கள் 19 வயதில் புறப்பட்டனர்; அவ்வாண்டில் அவ்வயது 18 ஆகக் குறைக்கப்பட்டது. ஆண்களுக்கு 24 மாதமும் பெண்களுக்கு 18 மாதமும் பணிக்காலம். பெண்களுக்கு இது விருப்பத்தைப் பொறுத்தது. ஆண்களுக்கோ நிறைவேற்றவேண்டிய கடமையாகவே எண்ணப்படுகிறது. செல்லும் நாட்டை அவர்கள் தெரிந்துகொள்வதில்லை. சால்ட் லேக் நகரிலுள்ள தலைமையகமே நியமிக்கிறது. ஊதியம் ஏதுமில்லை. அமெரிக்கா போன்ற நாடுகளிலிருந்து செல்பவர், 2020 ஜூலை முதல், மாதம் 500 டாலர் தம் குடும்பத்தின் மூலமாகவோ தம் சேமிப்பினின்றோ செலுத்தவேண்டியவராயிருக்கிறார்.

2. நாள்முறை

யூட்டா மாநிலத்து புரோவோ நகரிலோ வேறு பயிற்சி நிலையத்திலோ சில வாரப் பயிற்சி பெற்றபின், அவர்கள் பணித்தளம் செல்கின்றனர். காலை 6.30க்கு எழுதல், உடற்பயிற்சி, தனித்தியானம், தோழருடன் கூடிப் படித்தல், பின்னர் வெளியே சென்று சந்தித்தல், இரவு 10.30க்கு உறக்கம் என்பது நெடுங்காலம் இருந்த கட்டளை. 2017 முதல் இடத்திற்கேற்ப இதனைச் சற்று மாற்றிக்கொள்ள இடமளிக்கப்பட்டது. வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்கவும், கடைக்குச் செல்லவும், வீட்டிற்கு எழுதவும் உரியது. 2019 பிப்ரவரி வரை பெற்றோருடன் தொலைபேசியில் பேசுவது கிறிஸ்துமஸ், அன்னையர் தினம் ஆகிய இரு நாட்களுக்கே உரியதாயிருந்தது. அதன்பின் வாரந்தோறும் பேசலாம் என்றாயிற்று.

இவ்வொழுங்கில் தலையாயது, தோழரைவிட்டுப் பிரியாதிருத்தல். நம் ஆண்டவர் சீடரை இருவர் இருவராய் அனுப்பினார் என்பதே இதற்கு ஆதாரம். ஆனால் அத்தோழரையும் தாமே தெரிந்துகொள்ள இயலாது. முன்பின் அறியாத இருவர், மாதக்கணக்கில் ஒரே அறையில் உண்டு உறங்கி, ஒரே கதவைத் தட்டவேண்டும். ஒருவர் சோர்ந்தால் மற்றவர் தாங்குகிறார். இருவரும் மனம் பொருந்தாவிடில் அதுவே பெருஞ்சிலுவையாகிறது.

3. சோர்வு

1933ஆம் ஆண்டின் கோடையில், உலகப் பொருளாதார மந்தத்தின் நடுவே, கார்டன் ஹிங்க்லி என்னும் 23 வயது இளைஞர் யூட்டாவிலிருந்து இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகருக்குச் சென்றார். தாயார் மறைந்து மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. மகரந்த ஒவ்வாமை அவரை வாட்டியது. அவருடைய சொல்லுக்குச் செவிசாய்ப்பாரில்லை. தம் நேரத்தையும் தந்தையின் பணத்தையும் வீணாக்குவதாக அவர் வீட்டிற்கு எழுதினார். தன்னை மறந்து வேலையில் இறங்குமாறு தந்தையிடமிருந்து சுருக்கமான பதில் வந்தது. அவர் தங்கிப் பணியாற்றினார். 1995 முதல் 2008 வரை அச்சபையின் தலைவராகவும் விளங்கினார்.

இக்கதை அச்சபையில் மீண்டும் மீண்டும் எடுத்துரைக்கப்படுவதில் வியப்பில்லை. ஆயினும், முடிவில் வென்றவரின் சோர்வையே நாம் விரும்பிக் கேட்கிறோம் என்பதை மறத்தலாகாது. கனி காணாமலே சென்றவரும் உண்டு. 1852இல் இந்தியப் பணிக்கென அழைக்கப்பட்ட ரிச்சர்டு பாலன்டைன், அடுத்த ஆண்டில் சென்னைக்கு வந்தார். அவர் இளைஞரல்லர், 35 வயதைக் கடந்த குடும்பத்தலைவர். சென்னையில் ஒரு பத்திரிகையும் வெளியிட்டார். ஆனால் அச்சபை பலதார மணத்தை அந்நாளில் பகிரங்கமாக அறிவித்திருந்தது. அச்செய்தி அவருக்குப் பெருந்தடையாயிற்று. (1890இல் அச்சபை அம்மணமுறையை நிறுத்துவதாக அறிவித்தது.) 1854இல் அவர் கப்பலேறினார். அவருடைய உழைப்பினின்று நிலைத்த சபை எதுவும் இங்கு எழவில்லை.

இவ்விருவரினும் இரங்கத்தக்கவர், காலம் முடியுமுன் வீடு திரும்பும் இளைஞரே. உடல் நோயோ, மனநோயோ, ஐயமோ, ஒழுக்கத் தவறோ காரணமாயிருக்கலாம். வழியனுப்பிய சபையார் அனைவரும் அவரை அறிவர். இரண்டாண்டு நிறைவேறாதது ஏன் என்று கேளாமல் கேட்பர். நோயுற்றுத் திரும்பியவரும் குற்றஞ்செய்தவரைப்போல் முகம் மறைக்க நேரிடுகிறது. இளைஞரின் அழைப்பை மாதக் கணக்கால் அளக்கும் சபையில் இத்துயரம் தவிர்க்க இயலாததாகிறது.

4. நமக்குரிய வினா

இதனைப் பிறர் குறையெனக் கூறி நாம் அமைந்துவிடலாமோ? நம் இறையியல் மாணவரைக் கிராம ஊழியத்திற்கு அனுப்புகிறோம். பலரைத் தனியே அனுப்புகிறோம்; தோழமை தரும் ஒழுங்கில் மார்மன் சபையார் நம்மினும் கருத்துள்ளவர் என்று ஒப்புக்கொள்ளவேண்டும். மாணவர் திரும்பி வந்ததும் நாம் கேட்பது எத்தனை கூட்டம், எத்தனை வீடு, எத்தனை ஞானஸ்நானம் என்பதே. இரவில் உறங்கினாயா, யாரிடமாவது மனம்விட்டுப் பேசினாயா என்று கேட்பது அரிது. இடையில் திரும்பிய மாணவனுக்கு நம் சபைகளில் உள்ள இடம் எது?

நடுபவனும் நீர் பாய்ச்சுபவனும் விளைச்சலுக்கு உடையவர் அல்லர் என்று பவுல் கொரிந்தியருக்குப் போதித்தார். பம்பிலியாவில் பணியை விட்டுத் திரும்பிய மாற்கைப் பவுல் மறுத்தபோது, பர்னபா அவனைச் சேர்த்துக்கொண்டார். பின்னாளில் அதே மாற்கைத் தம்மிடம் அழைத்துவரும்படி பவுலும் எழுதினார். விளைச்சல் கடவுளுடையது என்று நாம் மெய்யாகவே நம்பினால், திரும்பி வந்தவனைச் சேர்த்துக்கொள்ளும் பர்னபாவாக இருத்தல் நம் கடமையன்றோ?

ஆகவே, அவ்விருவர் நம் கதவைத் தட்டும் நாளில், அவர்கள் போதனைக்கு நம் விசுவாசத்தின்படி தெளிவாக மறுமொழி கூறுவோம். ஆனால் உட்காரச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, ஊரையும் பெற்றோரையும் பற்றி விசாரித்தபின் கூறுவோம். வீட்டைவிட்டு வெகுதூரம் வந்த பிள்ளைகள் அவர்கள். நாம் அனுப்பிய பிள்ளையும் அதே வேளையில் எங்கோ ஒரு கதவின் முன் நின்றுகொண்டிருக்கலாம்.