பேய்ப் படமும் புதுப் பாட்டும்

அச்சம் பிறப்பதற்குரிய நிலைக்களன்கள் நான்கு என்று தொல்காப்பியர் வகுத்துரைத்தார். தெய்வம், பேய் முதலிய அணங்குகள் ஒன்று, கொடிய விலங்குகள் மற்றொன்று, கள்வர் மூன்றாவது, தம்மை ஆள்கின்ற தலைவன் நான்காவது. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ தேயிலைத் தோட்டமொன்றிற் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்நான்கினையும் விளக்கிக்கூற வேண்டுவதில்லை. லயத்துக்கு மேலே மரத்தடியில் முனி இருக்கிறது. இயந்திரச் சக்கரத்தைக் காக்கும் ரோதை முனிக்குத் தொழிற்சாலையிற் பூசை நடக்கிறது. கொழுந்துச் செடிகளின் ஊடே சிறுத்தை திரிகிறது. கள்வர் எவ்வூரிலும் உண்டு. நான்காவது அச்சத்தையோ, கங்காணியார் பெயரையும் பெரியதுரை பெயரையும் தாழ்ந்த குரலிற் சொன்ன நம் முன்னோரிடம் கேட்டறிந்திருக்கிறோம்.

அண்மைக் காலத்தில் வெளிவந்த பயங்கரப் படங்களுட் சிறந்தவை இந்த நான்காவது அச்சத்தையே முதலாவது அச்சத்தின் உருவிற் காட்டுகின்றன என்பது இக்கட்டுரையாளனின் கருத்து. புதிய பாட்டுகளுட் சிறந்தவையோ, அவ்வச்சத்தை வாய்விட்டுச் சொல்லித் தீர்த்துக்கொள்கின்றன. ஆதலின் இரண்டையும் ஒருசேர இங்கு எடுத்துக்கொண்டோம். இவை தனியொருவனின் தெரிவுகளே. வாசக நேயர்கள் தத்தம் சுவைக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் கொள்ளலாம்.

ஆலையிற் பிணங்கள்

புதியவற்றுக்குமுன் ஒரு பழைய படத்தை நினைவு கூர்வது நலம். 1932ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ‘வைட் ஸொம்பி’ என்னும் படம் வெளிவந்தது. நடைப்பிணங்களை முழுநீளப் படத்தில் முதன்முதற் காட்டியது இதுவே என்பர். கதை நிகழும் இடம் ஹெயிட்டி தீவு. அங்கே மந்திரவாதியொருவன் இறந்தோரை எழுப்பித் தன் கரும்பாலையில் வேலை வாங்குகிறான். அரைவை இயந்திரத்துள் ஒருவன் தவறி விழுகிறான். ஏனையோர் திரும்பியும் பாராது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கின்றனர். படம் முழுவதிலும் மனத்தை விட்டகலாத காட்சி அதுதான்.

இக்கதை ஏட்டிற் பிறந்ததன்று. ஹெயிட்டியின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாய் உழைத்த ஆபிரிக்க மக்களுக்குச் சாவு என்பது விடுதலையாகத் தோன்றியது. செத்த பின்னும் உடம்பு தோட்டத்திலேயே உழைக்க நேர்ந்தால் என்ன செய்வது என்ற ஏக்கமே நடைப்பிணமாக உருவெடுத்தது என அறிஞர் கூறுவர். இன்று உலகமெங்கும் சிறுவர்கள் வேடிக்கையாகப் பார்க்கின்ற ஸொம்பி, ஆதியில் ஒரு தோட்டத் தொழிலாளியே. இதனை அறிந்தபின் அப்படங்களைப் பார்க்கும் கண் மாறிவிடுகிறது.

பகடையிற் போன காலம்

புதிய படங்களுள் முதலிடம் தருவதற்குரியது ‘பிரமயுகம்’. 2024ஆம் ஆண்டில் வெளிவந்த இம்மலையாளப் படத்தை ராகுல் சதாசிவன் இயக்கினார். முழுதும் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பெற்றது. பதினேழாம் நூற்றாண்டு மலபாரில், அடிமை வாணிகத்துக்குத் தப்பியோடும் பாணன் ஒருவன் காட்டினூடே அலைந்து, பாழடைந்த பெருமனை ஒன்றை அடைகிறான். மனையின் தலைவனான போற்றி அவனை அன்போடு வரவேற்று, உணவளித்து, பாடச் சொல்லிக் கேட்கிறான். அதன்பின் பகடை ஆட அழைக்கிறான். பாணனிடம் பந்தயம் வைக்கப் பொருளில்லை. “உன் காலத்தை வை” என்பதே போற்றியின் கோரிக்கை. ஆட்டத்தில் தோற்றவன் பின்பு வாயிலைக் கடக்க இயலாதவனாகிறான். போற்றியாக மம்முட்டியும் பாணனாக அர்ஜுன் அசோகனும் நடித்திருக்கின்றனர். முடிவை இங்கே சொல்லுதல் தகாது.

பேயினும் அஞ்சத்தக்கது அந்தக் கணக்கே. இனிய சொல்லும் ஒருவேளைச் சோறும் முதலில் வருகின்றன. கடன் பின்னால் வருகின்றது. கடன் தீரும் நாளோ வருவதேயில்லை. நம் முன்னோர் இந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணியின் முன்பணத்தைப் பெற்றுப் புறப்பட்ட கதை இதனின் வேறன்று. வழிச்செலவும் அரிசியும் கம்பளியும் பற்றெழுதப்பட்டு, மலையேறுமுன்னரே ஒருவன் கடனாளியாகிவிட்டான். வேறு தோட்டத்துக்குச் செல்ல வேண்டுமாயின் கடன் தொகை குறிக்கப்பெற்ற ‘துண்டு’ தேவைப்பட்டது. அத்துண்டு முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது 1921ஆம் ஆண்டிலேதான். போற்றியின் பகடைக் காய்களை நம்மவர் முன்னமே கண்டிருக்கிறார்கள்.

பாட்டைக் குடிக்கும் பேய்

இரண்டாவது தெரிவு, 2025ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சின்னர்ஸ்’. ‘பாவிகள்’ என்பது பொருள். இயக்கியவர் ரையன் கூக்ளர். இரட்டைச் சகோதரர் இருவராகவும் மைக்கேல் பி. ஜோர்டன் ஒருவரே நடித்துள்ளார். கதை 1932ஆம் ஆண்டில் மிஸிஸிப்பிப் பருத்தித் தோட்டங்களிடையே நிகழ்கிறது. சகோதரர்கள் பழைய மரவாலை ஒன்றை விலைக்கு வாங்கிக் கறுப்பின மக்களுக்கென ஓர் ஆடலரங்கம் திறக்கின்றனர். வருகின்றவர்களுள் சிலர் தோட்டத்துக்கு வெளியே செல்லாத தோட்ட நாணயத்தையே கட்டணமாக நீட்டுகின்றனர். கூலியே ஒரு வேலியாகிவிட்ட நிலையை அந்தச் சிறு காட்சி தெளிவுறக் காட்டிவிடுகிறது.

சகோதரர்களின் உறவினனான இளைஞன் சாமி, கிட்டார் மீட்டிப் பாடும்போது வாழ்வோருக்கும் மாண்டோருக்கும் இடையிலுள்ள திரை விலகுகிறது. ஆபிரிக்க மூதாதையரின் பறை ஒருபுறம், இனிமேற் பிறக்கப்போகும் பேரப்பிள்ளைகளின் மின்கிட்டாரும் மின்னிசைத் தட்டும் மறுபுறம், எல்லாரும் ஓர் அரங்கில் ஒருங்கே ஆடுகின்றனர். அப்பாட்டின் ஒலி கேட்டே இரத்தக் காட்டேரி வந்து சேர்கிறது. அது வேண்டுவது இரத்தம் மட்டுமன்று. சாமியின் பாட்டையும் தனதாக்கிக்கொள்ளவே அது விழைகிறது. கூக்ளரும் படநிறுவனத்தோடு செய்த உடன்படிக்கையில், 25 ஆண்டுகளின் பின் படத்தின் உரிமை தம்மிடமே திரும்ப வேண்டும் என்று நிபந்தனை விதித்துப் பெற்றார். கதையின் நீதியை அவர் தம் கைச்சாத்திலும் காத்துக்கொண்டார் எனலாம்.

இப்படத்தில் குருதியும் வன்முறையும் மிகுதி. சிறுவர் பார்க்கலாகாது, மூத்தோரும் தனித்திருக்கும்போது பாராதிருப்பது உத்தமம்.

தமிழில் அச்சப் படங்களுக்குக் குறைவில்லை. மிஷ்கினின் ‘பிசாசு’ (2014), அன்புள்ள பேயொன்றைக் காட்டியமையால் இன்றும் தனித்து நிற்கிறது. அஜய் ஞானமுத்துவின் ‘டிமான்டி காலனி’ (2015) நான்கு நண்பர்களை ஓர் அறைக்குள் அடைத்தே நம்மை நடுங்க வைத்தது. அதன் இரண்டாம் பாகம் 2024இல் வெளிவந்தது. கார்த்திக் சுப்புராஜின் ‘பீட்சா’ (2012) நினைவிற்கொள்ளத்தக்கது. அப்படத்தின் அச்சத்திற் பாதியை விளைவித்தது சந்தோஷ் நாராயணனின் இசை. அவர் பெயரே நம்மைக் கட்டுரையின் மறுபாதிக்கு இட்டுச் செல்கிறது.

படத்தைச் சாராத பாட்டு

திரைப்படத்தைச் சாராது தானே தோன்றி நிற்கும் இசையைச் சுயாதீன இசை என்கின்றனர். இது நமக்குப் புதிதன்று. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் இலங்கையில் வளர்த்த தமிழ்ப் பொப்பிசை, எந்தப் படத்துக்கும் கடன்பட்டதில்லை. மின்னிசையும் நாம் அஞ்சத்தக்க பொருளன்று. ஓர் ஓசையைப் பதிவுசெய்து, வெட்டி, மீட்டும் மீட்டும் ஒலிக்கச்செய்து, அதன்மேல் மற்றோர் ஓசையை அடுக்குவதே அதன் அடிப்படை. தப்படிப்பவர் ஒரே அடியைத் திருப்பித் திருப்பி அடித்துக் கேட்போரை மெய்ம்மறக்கச் செய்வதும் ஏறக்குறைய இதே வித்தைதான்.

இத்துறையில் உலகறிந்த தமிழ்ப்பெண் எம். ஐ. ஏ. எனப்படும் மாதங்கி அருட்பிரகாசம். இலண்டனிற் பிறந்து, யாழ்ப்பாணத்தில் இளமையைக் கழித்து, அகதியாக இலண்டன் திரும்பியவர். கைக்கடக்கமான ஒரு மின்னிசைப் பெட்டியைக் கொண்டு பாட்டமைக்கத் தொடங்கினார். 2005ஆம் ஆண்டு வெளிவந்த முதல் இசைத்தட்டுக்குத் தந்தை பெயரால் ‘அருளர்’ என்றும், 2007ஆம் ஆண்டு வெளிவந்ததற்குத் தாய் பெயரால் ‘கலா’ என்றும் பெயரிட்டார். ‘கலா’வில் தமிழ்நாட்டு உறுமியின் ஒலி முழங்குகிறது. சுவிட்சர்லாந்தில் வளர்ந்த பிரியா ராகுவின் ‘சந்தோஷம்’ (2023) இவற்றினும் மென்மையானது. குடும்பத்தோடு அமர்ந்து கேட்கத்தக்கது.

ஆயினும் மலைநாட்டாருக்கு மிக நெருங்கிய பாட்டு ‘என்ஜாய் எஞ்சாமி’ என்பதில் ஐயமில்லை. 2021ஆம் ஆண்டு மார்ச் மாதம் மாஜா நிறுவனம் வெளியிட்ட இப்பாட்டை அறிவும், இலங்கைத் தமிழ்க் குடும்பத்திற் தோன்றிய பாடகி தீயும் பாடினர். இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். அறிவின் பாட்டியார் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துப் பின்னர் தமிழ்நாடு திரும்பியவர். 1948ஆம் ஆண்டுச் சட்டம் நம்மவருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரைக் கப்பலேற்றியது. நட்டு வளர்த்தவருக்கு அதன் பலன் கிட்டாத துயரை அப்பாட்டு ஒப்பாரியின் சாயலோடும் துள்ளலோடும் கலந்து சொல்கிறது. திருமண வீட்டில் அதற்கு ஆடிய நம் பிள்ளைகளிற் பலர், அது தம் வீட்டுக் கதை என்பதை அறியாமலே ஆடினர்.

பாடியவர் பெயர் எங்கே?

அப்பாட்டுக்கு நேர்ந்த பின்கதையையும் சொல்லியாக வேண்டும். 2021 ஆகஸ்டில் இசையிதழொன்றின் இந்தியப் பதிப்பு, தீயின் படத்தை மற்றொரு கலைஞரின் படத்தோடு அட்டையில் வெளியிட்டபோது, அதில் அறிவு இடம்பெறவில்லை. கண்டனம் எழுந்தபின் அவருக்கும் ஓர் அட்டை வெளியிடப்பட்டது. 2022இல் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவிலும் அவரின்றியே பாட்டு அரங்கேறிற்று. அதனைத் தொடர்ந்து, யார் எதனை ஆக்கினார் என்பது பற்றி அறிவும் சந்தோஷ் நாராயணனும் தத்தம் நிலைப்பாட்டைப் பகிரங்கமாக வெளியிட்டனர். 2024 மார்ச்சில், அப்பாட்டினால் தமக்கு வருமானம் ஏதும் கிட்டவில்லை என்று சந்தோஷ் நாராயணன் கூறினார். இவற்றில் நியாயம் யார் பக்கம் என்று தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. அதே 2024ஆம் ஆண்டில் அறிவு வெளியிட்ட இசைத்தொகுப்பின் பெயரே தக்க மறுமொழியாக நிற்கிறது: ‘வள்ளியம்மா பேராண்டி’. பாட்டியின் பெயரை முன்னே நிறுத்தி, தம்மை அவருடைய பேரன் என்றே அதில் அறிமுகம் செய்துகொண்டார்.

பெயர் என்பது சிறிய விடயம் என்று எவரும் எண்ண வேண்டா. தேயிலைப் பெட்டியின்மீது தோட்டத்தின் பெயர் இருக்கும். நிறுவனத்தின் பெயர் இருக்கும். கொழுந்து பறித்தவள் பெயர் ஒருபோதும் இருந்ததில்லை. பாட்டிலும் அந்நிலை தொடர்தல் ஆகாது.

நம்மிடையே இதற்கு முன்மாதிரிகள் உண்டு. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சியம்மாள், தொழிலாளர் துயரைத் தாமே பாட்டாக இயற்றி, தோட்டக் கூட்டங்களிற் பாடி, 1940ஆம் ஆண்டில் அச்சிட்டும் வெளியிட்டார். அதனினும் சுயாதீனமான இசை வேறு எது? எழுத்தாளர் ஸி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டுப் பாடல்களைத் தேடித்தேடித் தொகுத்தார். எனினும் தொகுக்கப்பெறாது எஞ்சியவை மிகப் பல. மாசி மாதத்துக் காமன் கூத்தின் பாடல்கள், தாலாட்டுகள், ஒப்பாரிகள், பிறப்புக்கும் இறப்புக்கும் பெரட்டுக்கும் வெவ்வேறாக ஒலித்த தப்படிகள் ஆகியவை, முதியோர் ஒவ்வொருவர் மறைவோடும் குறைந்துகொண்டே வருகின்றன.

ஆதலின் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று கையடக்கத் தொலைபேசி இல்லாத லயம் இல்லை. பிள்ளைகள் உறங்கியபின், மழை ஓய்ந்த ஓர் இரவில், அம்மாயியையோ அப்பாயியையோ இஸ்தோப்பிலன்றி உள்ளறையில் அமர்த்துங்கள். தகரக் கூரையின் ஓசை குறைவாயிருக்கும். பாடுமுன் அவரே தம் பெயரையும் தோட்டத்தையும் டிவிசனையும், அப்பாட்டை யாரிடம் கற்றார் என்பதையும் சொல்லட்டும். திகதியை நீங்கள் சொல்லுங்கள். முனிக்கதை தெரிந்தவராயின் அதனையும் கேட்டு வையுங்கள். அவர் இசைவின்றி எவருக்கும் அனுப்பாதீர்கள். நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கும் நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாதுகாப்பு அளிக்கின்றது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

நாளை நம் பேரப்பிள்ளைகளுள் ஒருவர் அக்குரலை மின்னிசைப் பெட்டியில் இட்டு, வெட்டி, ஒட்டி, உலகரங்கில் ஒலிக்கச் செய்யக்கூடும். அதனை நாம் வரவேற்போம். அப்போது பாட்டின் கீழே பாட்டியின் பெயரை எழுதுவதற்கு, அது எங்கேனும் ஓரிடத்திற் பதிவாகியிருத்தல் வேண்டுமன்றோ?