மெமரி இருந்தும் இல்லாத கம்ப்யூட்டர்

சங்கத்துக்கு வரும் நண்பர்கள் என்னைக் கண்டால் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, "பெண் என்ன வேலை பார்க்கிறாள்?" என்பது. "கம்ப்யூட்டரில்" என்று ஒரே வார்த்தையில் சொல்லித் தப்பித்து வந்தேன். நம்மவர் வீடுகள் பலவற்றில் இதே பதில்தான். பிள்ளைகள் இரவு இரண்டு மணிக்கு எழுந்து லாப்டாப்பைத் திறந்துகொண்டு உட்காருகிறார்கள். எதற்கு என்று நமக்குப் புரிவதில்லை. கேட்டாலும் சொல்ல அவர்களுக்கு நேரமில்லை.

சென்ற மழைக்காலத்தில் என் மகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது எங்கள் வீட்டிலும் அப்படி ஓர் இரவு வந்தது. அன்று அவள் விளக்கியதையும், பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். நான் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் 37 ஆண்டுகள் இருந்தவன். டிப்ளமோ படிப்பு. கம்ப்யூட்டர் எனக்குச் சொந்தத் துறை அல்ல. ஆனாலும் இந்த ஒரு விஷயம் எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. காரணம் போகப் போகத் தெரியும்.

அந்த இரவு நடந்தது

அவள் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு பெரிய சர்வர். மாதக் கடைசிக் கணக்குகளை எல்லாம் அதில்தான் போடுகிறார்கள். வழக்கமாக முக்கால் மணியில் முடிகிற வேலை அன்று விடியும் வரை நகரவே இல்லை. காலையில் சம்பளப் பட்டியல் போயாக வேண்டும். போனில் மேலதிகாரி, பக்கத்தில் ஆறிப்போன காபி.

"என்னம்மா, மெமரி போதவில்லையா?" என்று தெரிந்த மாதிரி கேட்டு வைத்தேன்.

"இல்லப்பா. 256 ஜிபி இருக்கு. அதில் கிட்டத்தட்டப் பாதி காலியாவே இருக்கு. ஆனா மெஷின் இடமில்லைன்னு சொல்லி டிஸ்குக்குத் தள்ளிட்டிருக்கு."

இருக்கிறது, ஆனால் இல்லை! இது எப்படி?

கம்ப்யூட்டருக்குள் இரண்டு கிடங்குகள்

கணக்குப் போடும் பகுதி பிராசஸர். கணக்குக்கு வேண்டிய எண்களைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பது மெமரி என்கிற நினைவகம். ஒரு காலத்தில் ஒரு கம்ப்யூட்டரில் இரண்டு, நான்கு பிராசஸர்கள் இருந்தாலும் எல்லாருக்கும் பொதுவாக ஒரே நினைவகம், அதற்குப் போக ஒரே பாதை. ஒற்றை லைனில் நான்கு வண்டிகள் ஓடினால் என்ன ஆகும்? ஒன்று போக, மற்றவை சிக்னலில் நிற்கும். பிராசஸர்கள் வேகமாகிக்கொண்டே போக, பாதையில் நெரிசலும் கூடிக்கொண்டே போயிற்று.

இதற்குக் கண்ட வழி, நினைவகத்தைப் பிரித்து ஒவ்வொரு பிராசஸருக்கும் பக்கத்திலேயே ஒரு பங்கை வைப்பது. ஒரு பிராசஸரும் அதன் அருகிலுள்ள நினைவகமும் சேர்ந்தது ஒரு 'நோடு'. ஒரு நோடிலிருந்து அடுத்த நோடின் நினைவகத்துக்கும் போகலாம்; ஆனால் நடுவில் ஓர் இணைப்பைத் தாண்ட வேண்டும். ஆகவே பக்கத்தில் இருப்பது சீக்கிரம் வரும், அக்கரையில் இருப்பது தாமதமாக வரும். தூரம் சமமில்லாத இந்த அமைப்புக்குத்தான் 'நூமா' என்று பெயர். சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் 1996-இல் கொண்டுவந்த 'ஆரிஜின் 2000' போன்ற பெரிய இயந்திரங்களில் இது இருந்தது. 2003-இல் ஏஎம்டியின் ஆப்டெரான், 2008-இல் இன்டெலின் நெஹலெம் வந்தபின் சாதாரண சர்வர்களுக்கும் வந்துவிட்டது. நம் வீட்டு லாப்டாப்பில் பொதுவாக ஒரே நோடுதான். அங்கே இந்தக் கவலை இல்லை.

தாமதம் என்றால் எவ்வளவு? பக்கத்து நினைவகத்திலிருந்து ஓர் எண்ணை எடுக்க ஏறத்தாழ 100 நானோ செகண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செகண்டை நூறு கோடியாகப் பங்கிட்டால் ஒரு பங்குதான் நானோ செகண்ட். அக்கரை நினைவகம் என்றால் சுமார் ஒன்றரை மடங்கு ஆகலாம். ஆனால் சுழலும் ஹார்டு டிஸ்குக்குப் போனால் சுமார் 10 மில்லி செகண்ட், அதாவது ஒரு லட்சம் மடங்கு! இந்த மூன்று தூரங்களை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்: வீட்டுக் கொல்லை, அடுத்த தெரு, வெளியூர்.

யார் பங்கிட்டுத் தருவது?

நினைவகத்தைப் பங்கிடும் ஸ்டோர் கீப்பர், லினக்ஸ் போன்ற இயக்க மென்பொருள். பெரும்பாலும் 4 கிலோபைட் கொண்ட 'பேஜ்' பேஜாகக் கொடுக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு புரோகிராம் 'இவ்வளவு இடம் வேண்டும்' என்று கேட்கும்போது ஏட்டில் பதிவு மட்டும்தான் நடக்கும். அந்த இடத்தை முதன்முதலாகத் தொடும்போதுதான் உண்மையான பேஜ் கொடுக்கப்படும். எந்த நோடிலிருந்து? வேறு உத்தரவு இல்லாவிட்டால், தொட்ட பிராசஸர் எந்த நோடில் இருக்கிறதோ அங்கிருந்து. அங்கே தீர்ந்துபோனால் அடுத்த நோடிலிருந்து.

இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரண்டு சங்கடங்கள் உண்டு. ஒன்று, ஆரம்ப வேலையை ஒரே ஆள் செய்தால் எல்லாச் சாமானும் அவன் இருக்கும் நோடிலேயே குவிந்துவிடும். பிறகு வேலைக்கு வரும் மற்றவர்கள் எல்லாம் அங்கேயே போய் நெருக்க வேண்டும். மற்றொன்று நம் போன்றவர்களுக்குப் பழக்கமான சங்கடம். இயக்க மென்பொருள் ஒரு புரோகிராமை ஒரு நோடிலிருந்து இன்னொரு நோடுக்கு மாற்றிவிடலாம். அப்போது ஆள் புது ஊரில், தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் பழைய குவார்ட்டர்ஸில்! மாற்றலாகி அலைந்த ரயில்வேக் குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நான்கு வகை உத்தரவுகள்

ஆகவே எங்கிருந்து கொடுப்பது என்பதை மனிதன் சொல்ல ஒரு வசதி வேண்டியிருந்தது. ஆண்டி கிளீன் என்பவர் சூசே நிறுவனத்தில் இருந்தபோது செய்த பணியால், 2004 வாக்கில் லினக்ஸ் 2.6-இல் இந்த வசதி சேர்ந்தது. 'நூமா-சி-டி-எல்' என்பது அதற்கான கருவி. ஒரு புரோகிராமைத் தொடங்கும் கட்டளைக்கு முன்னால் இதன் பெயரையும், வேண்டிய உத்தரவையும் எழுதினால் போதும். முக்கியமான உத்தரவுகள் நான்கு.

முதலாவது 'லோக்கல்': எங்கே வேலை செய்கிறாயோ அங்கேயே எடு, இல்லாவிட்டால் அடுத்த இடத்தில் எடு. பொதுவாக நடப்பது இதுதான்.

இரண்டாவது 'பிரிஃபர்டு': குறிப்பிட்ட ஒரு நோடில் முதலில் கேள், தீர்ந்துபோனால் மற்ற இடத்தில் எடுத்துக்கொள்.

மூன்றாவது 'பைண்ட்': சொன்ன நோடில் மட்டுமே எடு. அங்கே தீர்ந்துபோனால்? அடுத்த நோடு காலியாகக் கிடந்தாலும் தொடக்கூடாது. ஏற்கெனவே இருப்பதை டிஸ்குக்குத் தள்ளித்தான் இடம் பண்ண வேண்டும். அதற்கும் வழியில்லாவிட்டால் புரோகிராமையே நிறுத்திவிடவும் நேரும்.

நான்காவது 'இன்டர்லீவ்': ஒரு பேஜ் இங்கே, அடுத்தது அங்கே என்று பந்தியில் பரிமாறுவதுபோல் வரிசையாகப் போடு. இதில் யாருக்கும் முழு லாபம் இல்லை, எல்லாருக்கும் சராசரி. ஆனால் ஒரு பக்கம் நிரம்பி மறுபக்கம் காலியாகக் கிடக்காது. இரண்டு பாதைகளுக்கும் சமமாக வேலை கிடைக்கும்.

எது சிறந்தது என்று கேட்டால் பதில் கிடையாது. ஒரு நோடுக்குள் அடங்கும் வேலைக்கு, பிராசஸரையும் நினைவகத்தையும் அதே நோடில் கட்டிப்போடுவது மிக வேகம். ஒரு நோடுக்கு மேல் இடம் தேவைப்பட்டு, எல்லாப் பிராசஸர்களும் வந்து தொடுகிற பெரிய டேட்டாபேஸுக்கு இன்டர்லீவ் ஏற்றது. வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

1987-இல் நான் செய்த தவறு

இனி என் கதை. 1987 மழைக்காலம். கிழக்கே ஓர் ஆற்றுப் பாலம். இந்தக் கரையில் என் பிரிவு, அந்தக் கரையில் இன்னொருவர் பிரிவு. இருவருக்கும் தனித்தனி ஸ்டோர். அவரவர் சாமானை அவரவர் ஸ்டோரிலிருந்தே எடுக்க வேண்டும். தீர்ந்தால் தலைமை டிப்போவுக்கு இன்டென்ட் எழுத வேண்டும் என்று நிலையான உத்தரவு. கணக்குக் குழம்பாமல் இருக்க யாரோ நல்லெண்ணத்தோடு போட்டது.

மழையில் ஜாயின்டுகள் தளர்ந்து என் ஸ்டோரில் ஃபிஷ் போல்ட்டுகள் தீர்ந்துவிட்டன. இன்டென்ட் எழுதினேன். சாமான் நான்காம் நாள் வந்தது. அதுவரை வேகக் கட்டுப்பாடு போட்டு ஒவ்வொரு வண்டியையும் ஊர்ந்து போகவிட்டேன். என் கேங்கில் இருந்த வயதான கீமேன் ஒருவர் கடைசி நாளில் தயங்கித் தயங்கிச் சொன்னார்: பாலத்தைத் தாண்டினால் அதே போல்ட் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறதே ஐயா, நடந்து போயே கொண்டு வந்திருப்பேனே என்று. அந்தக் கரை ஸ்டோரில் இருப்பு எவ்வளவு என்று நான் கேட்கவே இல்லை. உத்தரவில் அதற்கு இடமில்லை என்பதால் யோசனையும் அந்தப் பக்கம் போகவில்லை.

மகள் திரையைக் காட்டியபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்த மூட்டைகள்தான். "இந்தப் புரோகிராம் ஒரு ஸ்டோரில் மட்டும்தான் வாங்கணும்னு யாராவது எழுதி வெச்சிருக்காங்களா, பாரும்மா" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தேடினாள். இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் டேட்டாபேஸ் 60 ஜிபி அளவில் இருந்தபோது, வேகத்துக்காக யாரோ அதை முதல் நோடில் 'பைண்ட்' செய்திருக்கிறார். அன்று அது சரியான முடிவு. நோடு ஒன்றுக்கு 128 ஜிபி. டேட்டாபேஸ் வளர்ந்து 150 ஜிபியைத் தொட்டுவிட்டது. உத்தரவு மட்டும் வளரவில்லை. அடுத்த தெருவில் இடம் இருக்க, சாமானை வெளியூருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது இயந்திரம்.

உத்தரவை இன்டர்லீவ் என்று மாற்றி, டேட்டாபேஸை நிறுத்தி மறுபடி தொடங்கினாள். நிறுத்தித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டேன். புதிய உத்தரவு இனிமேல் கொடுக்கப்படும் பேஜ்களுக்குத்தான். ஏற்கெனவே கொடுத்தவை, தனியாகச் சொல்லி நகர்த்தாவிட்டால், இருந்த இடத்திலேயே இருக்கும் என்றாள். ஆறரை மணிக்குள் சம்பளப் பட்டியல் போய்விட்டது.

அவள் மட்டும் பட்ட பாடு இல்லை

'பைண்ட்' போடாமலேயேகூட இப்படி நடந்ததுண்டு. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் ஓடும் சர்வர்களில் நினைவகம் மீதமிருக்கும்போதே டிஸ்குக்குத் தள்ளுவது 2010 வாக்கில் பரவலாகப் பேசப்பட்டது. அப்போதும் பலர் கையாண்ட மருந்து இன்டர்லீவ்தான். அடுத்த நோடைத் தேடுமுன் தன் நோடிலேயே துடைத்துப் பெருக்கி இடம் பண்ணும் ஒரு வழக்கம் லினக்ஸில் சில இயந்திரங்களில் தானாகவே அமலுக்கு வரும். 2014-இல் வந்த 3.16 பதிப்பில், கேட்டால் ஒழிய அது வேண்டாம் என்று மாற்றினார்கள். 2013 முதல், எந்தப் பேஜை யார் அதிகம் தொடுகிறார்கள் என்று பார்த்துத் தானாகவே அருகில் நகர்த்தும் வசதியும் உண்டு. 2024-இல் வந்த 6.9 பதிப்பில், வேகமான நினைவகத்துக்கு அதிகப் பங்கு, மெதுவானதற்குக் குறைந்த பங்கு என்று எடை போட்டுப் பரிமாறும் இன்டர்லீவும் சேர்ந்தது.

கருவிகள் வளர்ந்திருக்கின்றன. ஆனாலும் ஒரு வழக்கத்தை நம் பிள்ளைகளுக்குச் சிபாரிசு செய்வேன். மொத்த மெமரி எவ்வளவு என்று மட்டும் பார்க்காதீர்கள். நோடு வாரியாக இருப்பைப் பாருங்கள். 'நூமா-சி-டி-எல்' கருவியே ஒவ்வொரு நோடிலும் உள்ள மொத்தம், காலி இடம், நோடுகளுக்கு இடையிலான தூரம் எல்லாவற்றையும் அட்டவணையாகக் காட்டும். அதில் தன் நோடுக்குத் தூரம் 10 என்றும், அடுத்ததற்கு 20, 21 என்றும் போட்டிருக்கும். அது ஒப்பீட்டுக்கான எண், நேரம் அல்ல. உத்தரவு போட்டவர் யார், எந்த அளவு வேலைக்காகப் போட்டார் என்பதையும் பக்கத்தில் ஒரு வரி எழுதி வையுங்கள். அடுத்து வருகிறவர் கும்பிடுவார்.

அன்று காலை மகள் தூங்கப் போகுமுன், "உனக்கு எப்படிப்பா தெரிஞ்சது?" என்று கேட்டாள். கீமேன் சொல்லிக் கொடுத்தார் என்றேன். ஞாயிறு மாலை சங்கத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு இதில் சந்தேகம் இருந்தால், இரண்டு ஸ்டோரையும் ஒரு பாலத்தையும் தாளில் போட்டுக் காட்டுகிறேன்.