தண்ணியை உறிஞ்சுற வேக்குவம் கிளீனர்... ஷாக் அடிக்காதா பாஸ்?

ராத்திரி பூரா மழை. காலையில கட்டில்ல இருந்து இறங்கினா பாதம் சில்லுனு நனையுது. பால்கனி வழியா தண்ணி உள்ளே வந்திருக்கு. மாப்பைப் பிழிஞ்சு பிழிஞ்சு கை ஓய்ஞ்சுபோற நேரத்துலதான் மொபைல்ல 'வெட் அண்ட் டிரை' வேக்குவம் கிளீனர் விளம்பரம் கண்ணில் படும். அட, கரன்ட்ல ஓடுற மெஷினுக்குள்ள தண்ணி போனா என்னாகும்னு உங்களுக்குத் தோணியிருந்தா, சரியான சந்தேகம்தான்.

சாதாரண வேக்குவம் கிளீனர்களில் பெரும்பாலும், உறிஞ்சும் காற்றேதான் மோட்டாரையும் குளிரவைக்கும். அதில் தண்ணியை இழுத்தால் ஈரம் நேரா மோட்டாருக்குப் போய்விடும். வெட் அண்ட் டிரை மாடலில் மோட்டாரைக் குளிரவைக்கத் தனிக் காற்று, உறிஞ்சும் காற்றுக்குத் தனிப் பாதை. மோட்டார் இருப்பதும் டிரம்முக்கு மேலே, மூடியில். குழாய்க்குள் வேகமாக வரும் காற்று, அகலமான டிரம்முக்குள் நுழைந்ததும் வேகம் குறைந்துவிடும். எடை அதிகமான தண்ணி கீழே விழுந்துவிடும், காற்று மட்டும் மேலே போகும்.

டிரம் நிறைந்துவிட்டால்? அதற்குத்தான் மூடிக்கு அடியில் ஒரு மிதவை. தண்ணி ஏற ஏற அதுவும் ஏறி, காற்று போகிற வாயை அடைத்துவிடும். திடீர்னு உறிஞ்சுறது நின்னு, சத்தம் கீச்சுனு மாறினா, மெஷின் கெட்டுப்போச்சுனு பதற வேண்டாம். ஆஃப் பண்ணி, தண்ணியைக் கொட்டினால் போதும். ஆனா, இந்த மிதவை சோப்பு நுரையிடம் ஏமாந்துவிடும். நுரை அதைத் தூக்காமலே மோட்டார் வரை போகலாம். சோபாவுக்கு ஷாம்பு போட்டவங்க கவனிங்க!

தண்ணி எடுக்கும் முன்னாடி பேப்பர் ஃபில்டரையும் தூசிப் பையையும் கழட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டரை மாட்டணும். இதை மறந்தா, பழைய தூசி குழம்பாகி ஃபில்டரையே அடைச்சிடும்.

சரி, குட்டி மாடல் போதுமா? ஒரு கணக்கு போடுவோம். 10-க்கு 10 அடி ரூமில் 1 செ.மீ. உயரத்துக்குத் தண்ணி நின்றாலே சுமார் 93 லிட்டர். 10 லிட்டர் டிரம் என்றால் குறைந்தது 10 தடவை கொட்டணும். அதுவும் மிதவை முன்கூட்டியே நிறுத்திவிடும் என்பதால் முழு 10 லிட்டர் கொள்ளாது. ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட ஒரு பக்கெட் தண்ணியைத் தூக்குற வேலை. சிந்தின சாம்பார், பாத்ரூம் ஓரம், கார் மேட் இதுக்கெல்லாம் குட்டி மாடல் சூப்பர். வருஷா வருஷம் வீட்டுக்குள்ள தண்ணி புகுதுன்னா, அடியில் வடிகால் மூடி வெச்ச பெரிய டிரம்தான் சரி.

வாங்கும்போது வாட்ஸை மட்டும் பார்க்காதீங்க. அது மெஷின் எவ்வளவு கரன்ட் எடுக்கும்னு சொல்லுமே தவிர, எவ்வளவு உறிஞ்சும்னு சொல்லாது. அதுக்கு 'கிலோ பாஸ்கல்' எண்ணைப் பாருங்க.

முக்கியமா, எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போடாதீங்க. பிளக் பாயின்ட் வரைக்கும் தண்ணி ஏறியிருந்தா மெஷினைத் தொடவே வேண்டாம், மெயினை ஆஃப் பண்ணுங்க. மெயின் போர்டு வரைக்கும் தண்ணியில நடந்து போகணும்னா அதையும் தொடாம, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

வேலை முடிஞ்சதும் டிரம்மைக் கழுவி, மூடாம ஒருநாள் காய விடுங்க. இல்லைன்னா, அடுத்த தடவை ஆன் பண்றப்போ வீடு பூரா வர்ற நாத்தத்துக்கு நாங்க பொறுப்பில்ல!