மரத்தினுள் வேட்டையாடும் அரிய எறும்பு

தறியின் அடியில் கசகசாவைப் போன்ற நுண்மணிகள் குவிந்து கிடப்பதை நம் அங்கத்தினர் பலர் கண்டிருப்பர். பெருக்கித் தள்ளினாலும் சில நாளில் மீண்டும் சேரும். அவை மரத்தூள் அல்ல. மரத்தை உண்டு அதனுள்ளேயே வாழும் உலர்மரக் கறையானின் எச்சம். பூதக்கண்ணாடியால் நோக்கினால் ஒவ்வொரு மணிக்கும் ஆறு பக்கங்கள் தெரியும். இக்கறையான் மண்ணில் ஈரம் தேடுவதில்லை, புற்றும் எழுப்புவதில்லை. ஆதலால் படிமரம் உள்ளே பொள்ளலான பின்னரே பெரும்பாலும் சேதம் புலப்படுகிறது.

இப்பகைவனை அதன் கோட்டைக்குள்ளேயே புகுந்து பிடிக்கும் எறும்புகள் உள்ளன. அவற்றின் பேரினப் பெயர் மெட்டபோன். ஸ்விட்சர்லாந்து நாட்டு அறிஞர் அகஸ்ட் ஃபோரல், இலங்கையில் கிடைத்த ஓர் எறும்பைக் கொண்டு 1911-ஆம் ஆண்டில் இப்பேரினத்தை நிறுவினார். அவ்வெறும்புக்கு இலங்கையின் அரசாங்கப் பூச்சியியலாளர் கிரீன் என்பாரின் பெயரைச் சூட்டினார். மடகாஸ்கர் முதல் ஆஸ்திரேலியா வரை வெப்ப நாடுகளில் இவை பரவியிருப்பினும், மரத்தைப் பிளந்து தேடுவோருக்கும் அரிதாகவே அகப்படுகின்றன.

உடலமைப்பைப் பார்த்தாலே தொழில் விளங்கும். உடல் நீண்டு உருளை வடிவாயிருக்கும். கால்கள் குட்டையானவை, தொடைகள் அகன்று தட்டையானவை. கறையான் குடைந்த குறுகிய வழியில் நடமாட இதைவிட ஏற்ற உருவம் வேண்டுமோ? கறையானும் சும்மா இருப்பதில்லை. அதன் போர்வீரன் மரமுளை போன்ற தன் தலையாலேயே வழியை அடைத்து நிற்கும்.

மடகாஸ்கரில் வாழும் மெட்டபோன் எறும்புகளைப் பற்றிய ஆராய்ச்சிகள் 2002-இல் வெளிவந்தன. இவை கறையானைக் கொட்டிச் செயலிழக்கச் செய்கின்றன. இரை கண்ட எறும்பு, நஞ்சுச் சுரப்பியின் வாசனையால் தடமிட்டுத் தோழியரை அழைத்து வருகிறது. வேலைக்கார எறும்புகளிலும் சில, ஆணுடன் கூடி முட்டையிடுகின்றன. அரசிக்கே உரியதென நாம் படித்த வேலை அது!

இவ்வெறும்பைத் தறிக்கூடத்தில் விடலாமே என்று சிலர் எண்ணக்கூடும். அது வீண் ஆசை. கிடைப்பதற்கே அரிய பிராணி அது. காட்டில் விழுந்து மட்கும் மரமே அதன் வீடு. நம் தறியை நாமேதான் காக்க வேண்டும். மணிகள் உதிரும் மரத்தைத் தட்டிப் பாருங்கள். பொள்ளலாக ஒலித்தால் உடனே கழற்றி மாற்றுங்கள். கழற்றிய மரத்தை மற்றச் சட்டங்களோடு அடுக்கி வைக்காதீர்கள். அதிலிருந்து புறப்படும் ஈசல் அடுத்த மரத்தில் குடியேறிவிடும்.